கதவைப் பார்த்து வாசித்தவன்

ஜெபக்குமார் என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டபோது அந்தப் பெயருக்கு உரிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே களை எடுத்துக்கொண்டிருந்தோம். என் கூடப்பிறந்த தம்பி முத்துசாமியின் பெண்சாதி சாராள் எனக்கு அடுத்த வரிசையில் குனிந்திருந்தாள். ஏழு மாதம். அதற்கு முன் மூன்று பிள்ளைகள் அவளுக்குத் தங்காமல் போயிருந்தன. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணி, ஜெபக்குமார்னு பேர் வெச்சிட்டேன்" என்றாள்.

"யாருக்குடி?"

"வவுத்துல கீறவனுக்குத்தான்."

"பொண்ணாப் பொறந்தா இன்னா பண்ணுவ?"

"பொறக்காது. ஆண்டவர்கிட்ட பேசிட்டேன். ஒரு கன்னுக்குட்டி தர்றதா சொல்லிக்கிறேன்."

"உங்கிட்ட மாடே இல்லியேடி?"

"அதையும் அவருதான் குடுக்கணும்."

கழனியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். ஆனால் பையன்தான் பிறந்தான். சாராள் அடுத்தவர் மாட்டைப் பங்குக்கு வளர்த்து, அவனுக்கு இரண்டு வயதாகும்போது ஒரு கன்றை ஓட்டிக்கொண்டு போய் சர்ச் வாசலில் கட்டினாள். அவள் அப்படி. வாய் திறந்தால் பொருத்தனை. இந்துக்கள் நேர்த்திக்கடன் என்று சொல்வதைத்தான் நாங்கள் பொருத்தனை என்போம். தலைவலி என்றால் ஒரு படி உப்பு, மழை வேண்டும் என்றால் ஒரு சேவல். என் தம்பி லாரி மோதிச் செத்த வருஷம் ஒன்றுதான் அவள் எதையும் பேசிக்கொள்ளவில்லை. அப்போது ஜெபக்குமாருக்கு ஒன்பது வயது. பிறகு ஒற்றை ஆளாக அவனை வளர்த்தாள்.

இந்தப் பொருத்தனையெல்லாம் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகையன்றுதான் செலுத்துவார்கள். சம்பா அறுப்பு முடிந்து மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசணிக்காய், வாழைத்தார், முட்டை, கோழி, புதுநெல், எதைக் கொண்டுவந்தாலும் பீடத்துப் படியில் வைப்போம். ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் ஒவ்வொன்றாகத் தூக்கிப்பிடித்து ஏலம் போடுவார். பொருத்தனைச் சாமானுக்கு மட்டும் தனி வழக்கம் ஒன்று உண்டு. முதல் குரல் அந்த வீட்டுக்காரர் குரல். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். மூப்பர் மூன்று தரம் சொல்லிவிட்டு, "வூட்டுக்கே போச்சு" என்று கையில் கொடுத்துவிடுவார். ஆண்டவருக்குக் கொடுத்த மாதிரியும் ஆச்சு, சேவல் வீட்டுக்கு வந்த மாதிரியும் ஆச்சு. இதை எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் யாருக்கும் சொன்னதுமில்லை.

ஜெபக்குமார் படிப்பில் சுமார். சர்ச்சில் மூலையில் கிடந்த ஓட்டைக் கிதாரை எடுத்துத் தட்டித் தட்டி அவனாகவே கற்றுக்கொண்டான். பத்தாவதோடு நின்று, குட்டியானை என்கிறார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி ஓட்டினான். கிராமத்தில் பம்புசெட்டு மோட்டார் புகைந்து போனால் அதை ஏற்றிக்கொண்டு போய்ச் செங்கல்பட்டில் காயில் கட்டிக் கொண்டுவருவது அவன் வேலை. அந்தக் காயில் கடை தேவசகாயம் என்பவருடையது. மேட்டுத் தெருவுக்குள் இருண்ட ஒரு கடை. நாள் முழுக்க செம்புக் கம்பி சுற்றுகிற மனுஷன், ஓய்ந்த நேரத்தில் கிதார் செய்தார். கரண்டில் வாசிக்கிற கிதார். ஆயுசில் நாலுதான் செய்திருந்தார் அப்போது. ஒன்று மெட்ராஸ் வெள்ளத்தில் போனது. ஒன்றை அவர் மகன் வெளிநாட்டுக்கு எடுத்துப் போனான். ஒன்று யாரிடமோ. கடையில் ஒன்று தொங்கியது.

அதை ஒரு நாள் எடுத்து வாசித்துப் பார்த்த ஜெபக்குமார் மோட்டாரை ஏற்ற மறந்து வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். தண்ணீருக்குக் காத்திருந்த கழனிக்காரர் திட்டின திட்டு ஊருக்கே கேட்டது. 

இரண்டு வருஷம் கேட்டான். "முடியாதுபா, கண்ணு தெரியல" என்றே சொல்லிவந்தார் தேவசகாயம். அப்புறம் வர்தா புயல் வந்தது. எங்கள் சர்ச் வாசலில் நின்ற பெரிய பூவரசு வேரோடு சாய்ந்தது. கிளையெல்லாம் விறகுக்குப் போயிற்று. அடிமரத்தை ஜெபக்குமார் கேட்டு வாங்கி, அறுத்து, ஒரு பலகையை வண்டியில் போட்டு அவர் கடை முன் இறக்கினான். பூவரசு உள்ளே கறுப்புச் சிவப்பாக இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அவர் தடவிப் பார்த்தாராம். நகத்தால் சுண்டிப் பார்த்தாராம். "சரி, காயட்டும்" என்று பரண்மேல் ஏற்றினாராம்.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. கழுத்துக்குப் பழைய கட்டில் கால் ஒன்றின் தேக்கு. கம்பியெல்லாம் தாண்டிப் போகிற இடத்தில் எலும்புத் துண்டு ஒன்று வைக்க வேண்டுமாம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் இருந்தது, சாராளே கழுவிக் கொடுத்து அனுப்பினாள். சத்தத்தைப் பிடிக்கிற காயிலை அவர் மோட்டார் சுற்றுகிற அதே மிஷினில், தலைமயிர் கனமே உள்ள கம்பியில், எட்டாயிரம் சுற்று சுற்றினார். பெயின்ட் கிடையாது, தேன்மெழுகு தேய்த்தார். பின்பக்கம் ஆணியால் கீறி 'தே 5' என்று போட்டார்.

கொடுக்கும்போது ஒன்று சொன்னார். ஜெபக்குமார் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறானோ. "இது உறுமும்பா. ஒத்தக் காயிலு, அப்பிடித்தான். நீ நின்ன எடத்துலயே கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பு. எந்தப் பக்கம் உறுமல் அடங்குதோ, அதான் உன் பக்கம்."

எங்கள் சர்ச்சில் அந்தப் பக்கம் வாசற்கதவைப் பார்த்த பக்கமாக அமைந்தது. இரண்டாவது ஜன்னலோரம், பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவைப் பார்த்து நின்றால்தான் உறுமல் சுத்தமாக அடங்கும். கொஞ்சம் திரும்பினாலும் வண்டு நுழைந்த மாதிரி ஙொய் என்று கேட்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சபை முழுக்கக் கிழக்கே பார்க்க, அவன் ஒருத்தன் மேற்கே பார்த்து நின்றான். தாமதமாக உள்ளே நுழைகிறவர்கள் அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். "லேட்டா வந்தியா, பேரெழுதிக்கினு நிக்கிறான் பாரு" என்று கேலி செய்வோம்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. எனக்குச் சங்கீதம் தெரியாது. மூன்றாவதோடு நிறுத்தினவள் நான். டவுனில் கேட்கிற கிதார் பளபளவென்று இருக்கும். இது அப்படி இல்லை. தொண்டை கட்டின ஆள் ஒருத்தர், அழுது முடித்தபின் நிதானமாகப் பேசுகிற மாதிரி இருக்கும். சாவு வீடுகளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அச்சரப்பாக்கம், மதுராந்தகம் வரைக்கும் போய் வாசித்தான். தேவசகாயம் செத்தபோதும் அவன்தான் வாசித்தான். அதோடு, அந்தக் கையால் செய்த கிதார் இனி உலகத்தில் வேறு வரப்போவதில்லை என்று ஆயிற்று.

எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்லமாட்டேன். கிழவிகளில் ஒருத்தி சாராளிடம், "உம் மொவன் ஆண்டவருக்கு முதுகு காட்றானேடி" என்றாள்.

"காது கீதுல்ல ஆண்டவருக்கு? அதுக்குக் கேட்டா போதும். முதுகுக்கு இன்னா வந்திச்சி?" என்று சாராள் வெட்டிவிட்டாள். ஆனால் அது முள்ளாக அவளுக்குள் போயிருந்தது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஜெபக்குமாருக்குப் பெண்சாதி பிரிசில்லா. என் கொழுந்தனுடைய மகள். நான்தான் பேசி முடித்தேன். நல்ல பெண், வாய் கொஞ்சம் வேகம். ஒரே பிள்ளை, சிநேகா. சிநேகாவுக்கு ஆறு வயதில் டெங்கு வந்தது. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலாம் நாள் ரத்தத்தில் அணு இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. ஜெபக்குமார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

நான் கஞ்சித் தூக்கோடு போனபோது சாராள் தண்ணிக் குழாய் பக்கத்தில், நடைபாதையில், போகிற வருகிற கால்களுக்கு நடுவே முழங்காலில் இருந்தாள். "இந்த வூட்ல எது ரொம்ப அருமையோ, அது உனக்கு. புள்ளைய உட்ரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எத்தடி சொல்ற?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியும் அண்ணி."

ஆறாம் நாள் சிநேகா தோசை கேட்டது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் சாராள் அந்தப் பொருத்தனையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், நானும் இருந்தேன். "ஜெபா, பொருத்தனை ஒண்ணு கீதுடா" என்றாள்.

"இன்னா, சேவலா?"

"சேவல் இல்ல."

அவள் பார்வை சுவரில் போய் நின்றது. அங்கேதான் கிதார் தொங்கியது, சாக்கும் ஸ்பாஞ்சும் வைத்துத் தைத்த உறையில். அவன் கையில் இருந்த சோறு கையிலேயே இருந்தது.

"என்னக் கேக்காமயா?"

"கேட்டுகினு நிக்கிற நேரமாடா அது?"

பிரிசில்லாதான் நடுவில் வந்தாள். "இப்போ இன்னா ஆயிப்போச்சி? வூட்டுக்கே வந்துடப் போவுது. மொதக் கொரல் நான் குடுக்கறேன். அதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு."

அவனுக்கும் அப்போது சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாம்மா. நம்ப வூட்டுச் சேவல் பதினோரு வாட்டி ஆண்டவர்கிட்ட போயி பதினோரு வாட்டி திரும்பி வந்துச்சி. அதுக்கே வழி மனப்பாடம். இதுவும் ஒரு நட போய்ட்டு வரட்டும்."

சாராள் சிரிக்கவில்லை. என்னை வெளியே அழைத்துப் போய், "அண்ணி, சேவலுக்கு அப்பிடிச் செஞ்சா பரவால்ல. புள்ள உசுருக்குச் சொன்னத, ஒரு கையால குடுத்து ஒரு கையால இழுத்துக்கலாமா?" என்று கேட்டாள். "ஊரு வழக்கம்தானேடி" என்றேன்.  அந்த வெள்ளிக்கிழமை சிநேகாவுக்கு மறுபடி உடம்பு சுட்டது. பனிக்காலத்துக் காய்ச்சல், ஒரு மாத்திரைக்கு அடங்குகிறது. ஆனால் சாராள் பேரப்பிள்ளையின் நெற்றியில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

எங்களுக்கு அந்த வருஷம் புதுப் பாஸ்டர். சின்ன வயசு, நல்ல மனுஷன். பண்டிகைக்கு நாலு பேர் வரட்டும் என்று படியில் வைத்த சாமான்களை முந்தின நாளே படம் எடுத்து போனில் போட்டார். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் கிதார். 'கையால் செய்த கிதார், செங்கல்பட்டு தேவசகாயம் செய்தது' என்று எழுதியும் போட்டார். வழக்கம் அவருக்குத் தெரியாது. யார் சொன்னார்கள் அவருக்கு?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. நாற்பது வயசு இருக்கும் அந்த ஆளுக்கு, கண்ணாடி போட்டவர், கூட ஒரு அம்மாள். கடைசி பெஞ்சில் மரியாதையாக உட்கார்ந்தார்கள். பிரவின்குமார் என்று பெயர், திருவிடந்தைப் பக்கம் கடலோரத்தில் வீடு கட்டிப் பாட்டு ரெக்கார்டு செய்கிறவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. தேவசகாயம் செய்த கிதார் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாராம்.

ஏலம் ஆரம்பித்தது. வாழைத்தார் போயிற்று. முட்டை போயிற்று. ஒரு பூசணிக்காய்க்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள், ஒரே சிரிப்பு. பிறகு மூப்பர் கிதாரைத் தூக்கினார். "பொருத்தனை! முத்துசாமி வூடு!" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். அன்றைக்கு அவருக்கும் சந்தோஷம். "தோ பாரு ஜெபா, சும்மா தூக்கிக் காட்டினா இன்னா தெரியும்? ஒரு பாட்டு வாசி. சாமான் எப்பிடி கீதுன்னு ஜனங்க கேக்கட்டும்" என்றார்.

அவன் வாங்கிக்கொண்டான். ஒயரைச் சொருகினான். இரண்டாவது ஜன்னலோரம் போய், உறுமல் அடங்குகிற வரைக்கும் திரும்பித் திரும்பி, கதவைப் பார்த்து நின்றான். பீடமும் மூப்பரும் எங்கள் பெண்கள் வரிசையும் அவன் முதுகுக்குப் பின்னால். கண்ணை மூடிக்கொண்டான்.

அப்படி அவன் அதற்கு முன் வாசித்ததில்லை. ஒரு நிமிஷத்துக்கென்றாலும் அது அவன் கையை விட்டு ஆண்டவருக்குப் போகிற சாமான் அல்லவா, அந்த நினைப்பாக இருக்கும். பிள்ளைகள் வெளியே விளையாடினது நின்றுபோயிற்று.

எப்படியும் வீட்டுக்கே போகிற சாமான்தானே என்று மூப்பர் பாட்டுக்கு நடுவிலேயே குரல் கேட்டார். பிரிசில்லா கையைத் தூக்கி முதல் குரல் கொடுத்தாள். மூப்பர், "ஒருதரம்" என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து அந்த ஆள் எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் ஒரு தொகை சொன்னார். அதை வைத்துச் சர்ச்சுக் கூரையை மாற்றிவிடலாம்.

கிதார் சத்தத்தில் ஜெபக்குமாருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. மூப்பர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆண்டவருக்கு வந்ததை வேண்டாம் என்று பீடத்துப் படியில் நின்று எப்படிச் சொல்வது? வந்த விருந்தாளியிடம், உட்காருங்கள் உங்களுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டியவள் ஒருத்திதான். வீட்டுக்காரி இன்னொரு குரல் கொடுத்தால், தொகை பெரிதோ சிறிதோ, மூப்பர் அதைப் பிடித்துக்கொண்டு முடித்துவிடுவார். எல்லோரும் பிரிசில்லாவைப் பார்த்தோம்.

அவள் கையைத் தூக்கினாள். பாதி தூக்கும்போது சாராள் அந்தக் கையைப் பிடித்தாள். "உடுமே" என்றாள். "கேக்கறது அந்த ஆளு இல்ல, ஆண்டவரு. புள்ளையப் பாரு."

சிநேகா பிரிசில்லா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கன்னம் சிவந்திருந்தது. பிரிசில்லா பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் புருஷன் முதுகைப் பார்த்தாள். மூப்பர் "ரெண்டுதரம்" என்றார். சாராளின் பிடியில் இறுக்கம் ஒன்றும் இல்லை, பக்கத்திலிருந்த எனக்குத் தெரிந்தது. கிழவியின் கை. பிரிசில்லாவின் கை தானாகவே இறங்கியது.

நானும் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"மூணுதரம்" என்றபோது ஜெபக்குமார் கடைசி அடியில் இருந்தான். முடித்து, கம்பிமேல் உள்ளங்கையை வைத்து அடக்கி, கண்ணைத் திறந்தான். கதவோரம் நின்றவர்கள் முகத்தைத்தான் முதலில் பார்த்திருப்பான். உடனே திரும்பினான். திரும்பினதும் கிதார் ஙொய் என்று உறுமியது.

"இன்னா?" என்றான்.

மூப்பர் செருப்பில்லாத தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ ஏலம் கூப்பிடலியா?" என்று பிரிசில்லாவைக் கேட்டான்.

"கூப்ட்டேன்."

"அதுக்கப்பறம்?"

அவள் பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.  அவன் ஒயரைப் பிடுங்கினான். தோள்துண்டால் கம்பி ஒவ்வொன்றையும் துடைத்தான், கழுத்திலிருந்து கீழே வரைக்கும். உறைக்குள் வைத்துக் கட்டி, அந்த ஆளிடம் கொடுத்தான். பிரவின்குமார் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணா, எப்போ வேணும்னாலும் வந்து வாசிங்க. இது உங்களோடதுதான்" என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

அந்த வருஷமே கூரை மாற்றினார்கள். சிநேகாவுக்குக் காய்ச்சல் மறுநாளே விட்டது. சாராள் என்னிடம், "பாத்தியா அண்ணி" என்றாள். நான் எதைப் பார்த்தேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

ஜெபக்குமார் ஞாயிற்றுக்கிழமை வருவான், மற்றவர்களைப் போல் கிழக்கே பார்த்து உட்காருவான். பாஸ்டர் புதுக் கிதார் ஒன்று வாங்கித்தருகிறேன் என்றார். "வேணாம் ஐயா, கை பழக்கம் உட்டுப்போச்சி" என்றான். சாவு வீட்டுக்குக் கூப்பிட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். வீட்டில் சண்டை என்று ஒன்றும் இல்லை. பிரிசில்லா சோறு போடுவாள், அவன் சாப்பிடுவான். "ஒரு வார்த்த திட்டித் தொலச்சா நல்லாருக்கும் பெரிம்மா" என்று என்னிடம் அழுதாள்.

எட்டு மாதம் கழித்துக் கோவளத்தில் இருக்கிற என் மகள் வீட்டுக்கு அவன் வண்டியில் என்னைக் கொண்டுவிட வந்தான். திருவிடந்தை தாண்டும்போது, "அத்தே, ஒரு அஞ்சு நிமிசம்" என்று வண்டியைக் கடல் பக்கம் திருப்பினான்.

சவுக்குத் தோப்புக்குள் வீடு. உள்ளே ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரிக் குளிர். பிரவின்குமார் ஓடி வந்தார். எனக்கு நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார். கிதாரைச் சுவரிலிருந்து இறக்கி, "உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் அண்ணா" என்று ஒயரைச் சொருகிக் கொடுத்தார். "மெட்ராஸ்ல இருந்து ஆள் கூட்டிட்டு வந்து உள்ள செம்புத் தகடு ஒட்டி, காயிலையும் வேற மாதிரி மாத்திட்டோம். அந்த உறுமல் சுத்தமாப் போச்சு. இனிமே நீங்க எந்தப் பக்கம் வேணும்னாலும் நிக்கலாம்."

ஜெபக்குமார் கிதாரை மாட்டிக்கொண்டு பழக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினான். உறுமல் இல்லை. இன்னும் திரும்பினான். கண்ணாடிச் சுவர், கடல், நான், கதவு, மறுபடி கண்ணாடிச் சுவர். ஒரு முழுச் சுற்று வந்துவிட்டான். எங்கே நிற்பது என்று தெரியாமல் அறை நடுவில் நின்றான். நாலு அடி வாசித்தான். சுத்தமாக, டவுனில் கேட்கிற மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டான்.

"நல்லா கீது சார்" என்று கழற்றிக் கொடுத்தான்.

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்தபின் கேட்டான். "அத்தே, நீ பக்கத்துலதான இருந்த. அவ ரெண்டாவது வாட்டி கைய தூக்கினாளா, இல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். எண்பதை நெருங்குகிற கிழவி, கண் தெரியவில்லை என்றாலும் நம்பியிருப்பான். "தூக்கினா. உங்கம்மா புடிச்சிகினா" என்றேன்.

"எங்கம்மாவால ஒரு கொடம் தூக்க முடியாது. அந்தக் கைய உதற முடியலியா இவளுக்கு?"

"புள்ளய நெனச்சிட்டாடா."

"தெரியும்." கியரை மாற்றினான். "நானு அப்போ திரும்பிப் பாத்திருந்தா நிறுத்தியிருப்பனா? புள்ளய வெச்சிகினு நிறுத்துன்னு சொல்லியிருப்பனா? அதான் அத்தே பேஜாரா கீது. எனக்கே தெரியல. என்னக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்த, முதுகுல தட்டிக் கேட்டிருக்கலாம்."

 கோவளம் வந்துவிட்டது.

அந்த வருஷக் கடைசியில் அவன் குட்டியானையை விற்றான். போன வருஷம் ஆடியில் சாராள் செத்தாள். தூக்கத்தில் போன சாவு, அவள் அதற்கும் ஏதாவது பேசிவைத்திருந்தாளோ என்னவோ. பெட்டியைச் சர்ச்சுக்குள் வைத்து வாத்தியம் இல்லாமல் பாடினோம். ஜெபக்குமார் ஒரே மகன், தலைமாட்டில் நிற்க வேண்டியவன். அவன் போய் இரண்டாவது ஜன்னலோரம், கதவைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பாஸ்டர் கூப்பிடப் போனார். மூப்பர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

சிநேகாவுக்கு இப்போது ஒன்பது வயது. நன்றாக இருக்கிறது, நன்றாகப் படிக்கிறது. பிரிசில்லா பிள்ளையோடு அதே வீட்டில் இருக்கிறாள். ஜெபக்குமார் ஒரகடத்தில், பஸ் ஷெட்டை ஒட்டின அறையில் மூன்று டிரைவர்களோடு தங்கி, கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற பஸ் ஓட்டுகிறான்.